நாலு மணிக்கு முன்

பெயின்ற் யாரிடமும் கேட்டு விழுவதில்லை.
பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத அந்த மாதம்
மெழுகுதிரி வெளிச்சத்தில் வாமதேவன் சுவருக்கு நீலம் அடித்தார்.
"பேப்பர் விரிச்சனீங்களோ?" என்றேன்.
"பேப்பருக்கே பேப்பர் இல்லையாம்" என்றார்.
விடிந்து பார்த்தால்
சுவர் பாதி நீலம்,
பலகை முழுக்க நட்சத்திரம்.

கொட்டாஞ்சேனை. மேல்மாடி. பலகை நிலம். ஐந்து வருஷம்.
பின்னேரம் நாலு மணிக்கு ஜிஃப்ரி ஹாஜியார் வருகிறார்.
ஆறு மாத முற்பணம் அவர் கையில்.
நான் முழங்காலில்.

முதலில் இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீர்.
துணியை ஒற்றி வை, நூறுவரை எண்ணு, எடு.
பிறகு காலாவதியான வங்கி அட்டை,
அதன் விளிம்பைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டு.
கத்தி கூடாது.
கத்தி கறையை எடுத்துக்கொண்டு
தன் கையெழுத்தை வைத்துவிட்டுப் போகும்.
அதற்கும் மசியாததற்குப் பஞ்சு முனையில் ஸ்பிரிட், ஒரு சொட்டு.
இரண்டாவது சொட்டுக்குப் பொலிஷும் கழன்று வரும்.

ஒரு துளிக்குள் தூரிகையின் ஒற்றை மயிர்.
இன்னொரு துளியில் பூனைக் கால்.
எங்களிடம் பூனை இருந்ததே இல்லை.

கீறல் வேறு ரகம்.
மெல்லியதற்கு உடைத்த கஜுப் பருப்பு;
தேய்க்கத் தேய்க்க எண்ணெய் இறங்கி வெள்ளைக் கோடு மங்கும்.
கஜு விற்கிற விலையில்
தின்னாமல் தரைக்குக் கொடுக்கிறேன்.
கதவிலிருந்து ஜன்னல் வரை ஒரு நீளக் கோடு,
ஃபிரிட்ஜ் வந்த நாள்.
தூக்குங்கோ என்றேன், தள்ளினார்.
வட்டியில்லாத் தவணை என்றுதான் சொன்னார்கள்,
வட்டி பலகையில் விழுந்தது.
அதற்கு மரத்தூளும் பசையும்,
மேலே சாயத்துக்குக் கறுக்கக் கொதித்த தேயிலை.

தையல் மெஷினின் நாலு கால் பள்ளங்களுக்கு
ஈரத்துணி, அதன் மேல் சூடான இஸ்திரிப்பெட்டி.
ஆவி குடித்து மரம் எழும்பும்.
மூன்று எழும்பின.
நாலாவது, என் கால் மிதிக்கிற பக்கம்,
அசையவில்லை.
எத்தனை பள்ளிக்கூடச் சட்டைக்குக் கொலர் வைத்த பாரம்.
அதோடு நான் மல்லுக்கட்டவில்லை.

கை ஓடிய ஓட்டத்தில் பலகை இடுக்குகளையும் அடைத்தேன்.
கீழே ஆணிக்கடைச் சுமணபாலவின் ரேடியோ
ஒவ்வொரு வரியாக மங்கிக்கொண்டு வந்தது.

மூன்று மணிக்குக் கதவில் தட்டு.
கையில் டொஃபி டின்னோடு அவரே.
"மிஸ், காலம நீலத் தூள் விழுந்திச்சி.
பொறகு ஒண்டும் விழல்ல.
சொகமில்லையோ எண்டு பாக்க வந்தன்."

டின்னை என் மடியில் கவிழ்த்தார்.
குண்டூசி, பொத்தான், பொத்தான், அஞ்சு ரூபாய்க் குற்றி,
ஒடிந்த ஊசி, கண்ணாடியின் பொடி ஆணி,
ஒரு தோட்டுச் சுரை.
இதற்காகத்தான் வாமதேவனின் தங்கையோடு
நான் இரண்டு வருஷம் கதைக்கவில்லை.
"முதலே கொண்டு வந்திருக்கலாமே?"
"நிரம்பட்டும் எண்டு இருந்தன், மிஸ்."
வெறும் டின்னோடு இறங்கிப் போனார்.

நாலு இருபதுக்கு ஹாஜியார்.
எழும்பாத பள்ளத்தில் சரியாக நின்றுகொண்டு
சுவரில் ஆணி ஓட்டைகளை எண்ணினார். பதினொன்று.
ஓட்டைக்கு ஐந்நூறு கழித்தார்.
"நெலம் மட்டும் நான் தந்த மாதிரியே ஈக்குது" என்றார்.
நகத்துக்குள் நீலத்தோடு
நான் காசை எண்ணினேன்.

திறப்பைக் கொடுக்குமுன்
ஜன்னலோரம், இன்னும் காயாத ஓர் இடுக்கில்
கொண்டையூசியால் குத்தி
ஒரு வெள்ளைப் பொத்தானை நழுவவிட்டேன்.

தகரத்தில் ஒரு சத்தம்.
ரேடியோ கொஞ்சம் குறைந்தது.